பத்தொன்பது அடி

சென்ற வைகாசியில் ஊருக்குப் போயிருந்தபோது, மொட்டைமாடியில் இரும்பு டேப்பை நீட்டிக்கொண்டு நின்றேன். தெருவோடு போகும் கரண்டு கம்பிக்கும் எங்கள் கைப்பிடிச் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். மேலே ஒரு அறை எடுத்து, தெருவைப் பார்த்து மூன்றடிக்கு பால்கனி விட வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. நான் ஊருக்கு வந்தால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார இடமில்லை என்று அவருக்கு ஒரு குறை.

எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து சத்தம் வந்தது. "ஏப்பா! டேப்பைக் கீழ போடு மொதல்ல!"

ஓய்வுபெற்ற லைன்மேன் அவர். தெருவில் எல்லாருக்கும் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர் செருப்புக்கூடப் போடாமல் எங்கள் மாடிப்படியேறி வந்துவிட்டார். "இஞ்சினியருக்குப் படிச்சவன் இரும்பு டேப்பை வச்சா கரண்டு கம்பிய அளப்ப? காத்துல ஒரு ஆட்டம் ஆடி அது மேல பட்டுச்சுன்னா என்ன ஆவ?"

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது பதில் ஆகாது.

கீழே அழைத்துப்போய் அளக்கும் முறையைக் காட்டினார். கம்பிக்கு நேர் கீழே தெருவில் ஒரு கோடு போட்டார். அங்கிருந்து எங்கள் சுவர் வரைக்கும் தரையிலேயே அளக்கச் சொன்னார். ஐந்தரை அடி. "இதுல மூணடி பால்கனின்னா மிச்சம் எவ்வளவு?" இரண்டரை. "நாலடி இருக்கணும்" என்றார். அப்பாவுக்குக் கோபம். "இந்தக் கம்பி தாழ்வா, கிட்டக்க கெடக்கு. அதை மாத்தச் சொல்லணும்." பெரியப்பா சிரித்தார். "கம்பி போட்ட எடத்துலயேதான்யா இருக்கு. நீங்கதான் மேல வந்துட்டீங்க."

பெங்களூருக்குத் திரும்பிய பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. எங்கள் பள்ளத்தாக்கின் மின்சார வரலாற்றை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே திரும்ப வாசித்துப் பார்த்தேன்.

*

கூடலூரைத் தாண்டி குமுளி மலைப்பாதையில் ஏறுகிற எவருக்கும் லோயர் கேம்ப் தெரியும். மலையிலிருந்து நான்கு பெரிய இரும்புக் குழாய்கள் இறங்கி வரும். சின்ன வயதில் பஸ் ஜன்னலில் அதைப் பார்ப்பதற்காகவே நாங்கள் சண்டை போடுவோம்.

அந்தக் குழாய்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்ப 1886இல் திருவிதாங்கூரும் பிரிட்டிஷ் அரசும் 999 வருடக் குத்தகை போட்டன. பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் விழுந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்ற ஆசை பிறகு வந்தது. மதராஸ் மாகாணத்தில் தனி மின்துறை 1927இல் தொடங்கியது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று ஒவ்வொன்றாக நீர்மின் நிலையங்கள் வந்தன. நம் மலைக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலில் 1940இல் திருவிதாங்கூர் தன் மின்நிலையத்தை ஓடவிட்டது. ஆனால் பெரியாறு மட்டும் காத்திருந்தது. குத்தகை பாசனத்துக்குத்தான், மின்சாரத்துக்கு அல்ல என்று திருவிதாங்கூர் வாதாடியது. 1941இல் நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி கொடுத்த தீர்ப்பும் அவர்கள் பக்கமே நின்றது.

சுதந்திரத்துக்குப் பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. 1958இல் லோயர் கேம்பில் முதல் இயந்திரம் ஓடியது. 1965இல் நான்காவது இயந்திரமும் சேர்ந்தபோது நிலையத்தின் திறன் 140 மெகாவாட். இரு மாநிலங்களும் இதை முறையாக எழுதிக் கையெழுத்திட்டது 1970இல். இடையில், 1957 ஜூலை 1 அன்று மதராஸ் மாநில மின்சார வாரியம் பிறந்திருந்தது.

இதுவரை எல்லாரும் சொல்லும் வரலாறு. அணை, குழாய், மெகாவாட். இந்த வரலாற்றில் மின்சாரம் எப்போதும் மலையிலிருந்து கீழே இறங்கி வருகிறது. இறங்கி வந்த பிறகு நம் தலைக்கு மேல் எத்தனை அடியில் நின்றது என்பதை யாரும் வரலாறாகச் சொல்வதில்லை.

*

அதைச் சொல்லும் புத்தகம் ஒன்று உண்டு. இலக்கியவாதிகள் யாரும் திறந்து பார்க்காத புத்தகம். இந்திய மின்சார விதிகள், 1956. அதன் தாய்ச்சட்டம் 1910ஆம் வருடத்தது. எங்கள் ஊரில் கம்பி இழுத்த ஆட்கள் இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கம்பம் நட்டார்கள்.

வீட்டுக்கு வரும் சாதாரண மின்சாரக் கம்பி தெருவைக் குறுக்கே கடந்தால், தரையிலிருந்து 5.8 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். 11,000 வோல்ட் போன்ற உயர் அழுத்தக் கம்பி என்றால் 6.1 மீட்டர். தெருவில்லாத வயல்காட்டில் 4.6 மீட்டர் போதும். வீட்டு மாடிக்கு மேலே போனால் 2.5 மீட்டர், பக்கவாட்டில் போனால் 1.2 மீட்டர். 11,000 வோல்ட் கம்பி மாடிக்கு மேலே போனால் 3.7 மீட்டர். 2003இல் சட்டம் புதிதானது, 2010இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் புதிதாக வந்தன. இந்த எண்கள் பெரும்பாலும் மாறவில்லை.

எண்கள் ஏன் இப்படிச் சில்லறையாக இருக்கின்றன? அடியில் மாற்றிப் பாருங்கள். 5.8 மீட்டர் என்பது 19 அடி. 6.1 என்பது 20 அடி. 4.6 என்பது 15 அடி. 1.2 என்பது, பெரியப்பா சொன்ன நாலடி. மீட்டருக்குள் ஒளிந்திருக்கும் அடிக்கணக்கு இது.

பத்தொன்பது அடி என்பது ஒரு காலத்தின் கற்பனை. வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி, அதன் உச்சியில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கும் ஆள், அவன் தலைக்கு மேல் இன்னும் தாராளமாக இடம். எங்கள் அப்பத்தா காலத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அதைவிட உயரமாகத் தெருவில் போன பொருள் தேர் மட்டும்தான். வீடுகள் ஓட்டு வீடுகள், கூரை வீடுகள். மாடிவீடு இருந்தால் அந்தத் தெருவுக்கே அது அடையாளம். பத்தொன்பது அடியில் கம்பி போனால் அது வேறு உலகத்தில் போவது மாதிரி.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் பழக்கமானது. பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிய ஒரு எண், அன்றைக்குத் தாராளமாகத் தெரிந்தது, இன்றைக்கு அதில்தான் எல்லாம் முட்டி நிற்கும். எண் தப்பில்லை. எண் எந்த உலகத்துக்காக எழுதப்பட்டதோ அந்த உலகம் போய்விட்டது.

ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது. தளத்தின் மேல் மாடி வந்தது, மாடியிலிருந்து பால்கனி நீண்டது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டதில் தெரு அரையடி, ஒரு அடி என்று உயர்ந்தது. எங்கள் வீட்டுக்கு முன்பு மூன்று படி ஏறிப் போவோம், இப்போது ஒரு படி. வைக்கோல் வண்டியின் இடத்தில் லாரி வந்தது. கம்பியும் சும்மா இல்லை. அலுமினியம் வெயிலில் நீளும், கோடையில் தொய்யும், ஒரு கம்பம் லேசாகச் சாய்ந்தால் இன்னும் இறங்கும். ஆனால் கம்பி இறங்கியதைவிட நாம் ஏறியதுதான் அதிகம்.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில், அப்பர் சதய விழாச் சப்பரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் இறந்தார்கள். புதிதாகப் போட்ட சாலை உயர்ந்திருந்ததும் சப்பரத்தின் உச்சி அலங்காரமும் அந்த நாட்களின் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தன. வருடாவருடம் அதே தெருவில் போன சப்பரம்தான்.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூர் பக்கம் ஒரு யானை ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது மேலே போன கம்பியில் பட்டு விழுந்தது. அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சமதரையில் நடந்திருந்தால் தப்பியிருக்கும். தரை எங்கே உயர்கிறது என்று யானைக்கு எந்த விதிப்புத்தகமும் சொல்லவில்லை.

*

இனி வயலுக்குப் போவோம். எனக்கு இந்த வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தாத்தா கமலை இறைத்தவர். இரண்டு மாடு, ஒரு தோல் சால், ஒரு நாள் முழுக்க இறைத்தால் கொஞ்சம் நிலம் நனையும். அறுபதுகளில் மோட்டார் வந்தது. தமிழ்நாட்டு கிராமத்தின் பெரிய மாற்றம் பல்பு இல்லை, பம்புசெட்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1972இல் கோவையில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து ஊரையே அடைத்தது மின்கட்டணத்துக்காகத்தான். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று மாநிலத்தில் விவசாய இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல்.

ஆற்றுப்பாசனம் எட்டாத மேட்டு நிலங்களில் கிணற்றையும் மோட்டாரையும் நம்பித் திராட்சை வந்தது. சின்னமனூர், ஓடைப்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது வாட்ஸப்பில் எங்கள் குடும்பக் குழுவே கொண்டாடியது.

திராட்சைத் தோட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக: கல்லுக்கால்களை வரிசையாக ஊன்றி, அவற்றின் தலையில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, கொடியை அதன்மேல் படரவிடுவார்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் அளவுக்கு ஒரே கம்பி வலை. கீழே நிழல், ஈர மண். அந்த வலையின் ஒரு மூலையில் ஒரு மின்கம்பி அறுந்து விழுந்தால் தோட்டம் முழுக்க மின்கம்பிதான்.

1998 ஆடியில் என் தாய்மாமா அப்படித்தான் போனார்.

எனக்கு ஒன்பது வயது. அந்தக் காலத்தில் மோட்டாருக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும், பல நாள் நள்ளிரவுக்கு மேல்தான். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு விவசாயி இருட்டில் நடப்பான். ஆடியில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, மேற்கு மலைக் கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றை நம்பித்தான் பிறகு ஆண்டிபட்டி முதல் தேனி வரைக்கும் காற்றாலைகள் வந்தன. அன்று இரவு தோட்டத்துக்கு மேலே போன கம்பிகள் ஒன்றோடொன்று உரசி, ஒன்று அறுந்து பந்தல்மேல் விழுந்திருந்தது. இருட்டில் தெரியாது. மாமா குனிந்து உள்ளே நுழையும்போது வழக்கம்போல மேலே கம்பியைப் பிடித்தார்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து துணி காயப்போட இரும்புக் கொடிக்கம்பி கிடையாது. நைலான் கயிறுதான். அம்மா அதற்கு ஒருபோதும் காரணம் சொன்னதில்லை.

காரணம் சொல்லாத இன்னொன்றும் அம்மாவிடம் இருந்தது. சாவதற்கு ஒரு வாரம் முன்பு மாமா டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் மாற்றியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் செய்ததுதான். கரண்டு வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஃபியூஸ் உருகிப்போகும், அந்த முறைத் தண்ணீர் போய்விடும். அதனால் இரண்டு இழை போட வேண்டிய இடத்தில் நாலு இழை முறுக்கிப் போடுவார்கள். "அவன் போட்ட ஃபியூஸே அவனைக் கொன்னுருச்சு" என்று துக்க வீட்டில் யாரோ சொன்னார்கள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். இருபத்தேழு வருடமாக வைத்திருக்கிறாள்.

*

மாடியில் அளந்த அன்று மாலை பெரியப்பாவிடம் இதைக் கேட்டேன். சரியான ஃபியூஸ் இருந்திருந்தால் மாமா பிழைத்திருப்பாரா?

அவர் கேட்டார்: "ஃபியூஸ் யாரைக் காப்பாத்தும்னு நினைக்கிற?"

கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிகிறது. அந்த மாதிரி ஒரு ஃபியூஸ் 30 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மனித உடம்பில் 10 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியர் என்பது அபாய எல்லை. அதாவது ஃபியூஸ் உருகத் தேவையானதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஈர உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு. அது இதயத்தை நிறுத்தப் போதும், ஃபியூஸை எழுப்பப் போதாது. கல்லுக்காலில் நிற்கும் பந்தலிலிருந்து மண்ணுக்குக் கசியும் மின்சாரமும் கொஞ்சம்தான். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை, மோட்டாரை, டிரான்ஸ்ஃபார்மரை. மனிதனை அதன் கண்ணுக்குத் தெரியாது. மனிதனைப் பார்க்கத் தெரிந்த கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் உயிர்காப்பு சுவிட்ச். வீட்டு மெயினில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

11,000 வோல்ட் கம்பி விழுந்தாலும் இதே கதைதான் என்றார் பெரியப்பா. காய்ந்த தரையில் விழுந்தால் கசியும் மின்சாரம் குறைவு, துணைமின் நிலையத்துக்கு அது ஒரு மோட்டார் ஓடுவதுபோலத்தான் தெரியலாம். லைன் நிற்காது. கம்பி பொறி பறக்காமல் செத்த பாம்பு மாதிரிக் கிடக்கும். "கெடக்குற கம்பிக்கெல்லாம் உசுரு இருக்குன்னுதான் நினைக்கணும். நாங்களே டெஸ்ட் பண்ணி, எர்த் ராடு மாட்டாம தொட மாட்டோம்."

கிட்டே போகக் கூடாது என்பதற்கும் காரணம் சொன்னார். கம்பி விழுந்த இடத்தில் மண்ணிலும் வோல்டேஜ் இருக்கும். தள்ளிப் போகப் போகக் குறையும். அகலமாக ஒரு எட்டு வைத்தால், இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசமே ஆளைச் சாய்க்கும். மாடுகள் நான்கு கால்களும் தள்ளித் தள்ளி இருப்பதால்தான் முதலில் விழுகின்றன. தெரியாமல் கிட்டே போய்விட்டால் ஓடக் கூடாது. காலோடு கால் ஒட்டி, பாதத்தைத் தூக்காமல் உரசி உரசி நகர வேண்டும். ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தால் பாய்ந்து போய் இழுக்கக் கூடாது, இழுத்தவரும் சேர்ந்து போவதுதான் பழைய கதை. பச்சைக் கம்பும் ஈரக் கழியும் மரம் இல்லை, கம்பி. முதலில் லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். மின்னகம், 94987 94987. தொரட்டியால் முருங்கை பறிக்கும்போதும், அலுமினிய ஏணியைச் சுமக்கும்போதும், போர்வெல் குழாயை நிமிர்த்தும்போதும் மேலே பார்த்த பிறகே கையைத் தூக்க வேண்டும்.

நாடு முழுக்க வருடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கிச் சாகிறார்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஒரே நாளில் ஒரு விமானம் விழுந்தால் மாதக்கணக்கில் பேசுகிறோம். இது ஒவ்வொருவராக, ஒவ்வொரு தோட்டத்தில், விதி என்ற பெயரில் நடக்கிறது.

அந்த விதிக்குள் பார்த்தால் கெட்டவன் யாரும் இல்லை. பயிர் காயக் கூடாதென்று நாலு இழை. மகன் உட்கார ஒரு அறை. ரோடு பளபளப்பாக இருக்க இன்னொரு அடுக்கு தார். சாமி கம்பீரமாகத் தெரிய ஒரு முழம் கூடுதல் அலங்காரம். யாரோ நமக்காக விட்டுவைத்த இடைவெளியிலிருந்து ஒவ்வொருவரும் நியாயமான ஒரு காரணத்துக்காகக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம். கடைசிக் கொஞ்சத்தை எடுப்பவன்மேல் பழி விழுகிறது.

*

பால்கனி வேண்டாம் என்று முடிவானது. கம்பியைத் தள்ளிப்போட விண்ணப்பித்துப் பணம் கட்டலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் எதிர்ச்சாரியில் இருப்பது பெரியப்பாவின் வீடு, கம்பி எங்கே தள்ளிப் போகும்? அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "பால்கனி இல்லாம என்னப்பா மாடி வீடு" என்று கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாரம் கட்டும் நாளில் லைனை நிறுத்திவிட்டுத்தான் வேலை என்று கொத்தனாரிடம் பெரியப்பா கறாராகச் சொல்லியிருக்கிறார்.

கிளம்பும் முன்பு அடுப்படியில் அம்மாவிடம் அந்தக் கணக்கைச் சொன்னேன். சரியான ஃபியூஸ் இருந்திருந்தாலும், மாமா பந்தலைத் தொட்ட நேரத்தில் அது உருகியிருக்காது என்று. முப்பது ஆம்பியர், கால் ஆம்பியர் எல்லாம் சொன்னேன். அம்மா கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு, "நெசமாத்தான் சொல்றியா?" என்றாள். நெசம்தான் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள்.

பெரியப்பா சொன்னதில் ஒரு மிச்சம் இருந்தது. கம்பி அறுவதற்கு முன்னால் ஒன்றோடொன்று உரசியிருக்கும். அந்த உரசலில் பாய்வது நூற்றுக்கணக்கான ஆம்பியர். இரண்டு இழை ஃபியூஸ் அங்கேயே உருகி, கம்பி அறும் முன்பே லைன் இறந்திருக்கலாம்.

அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.